வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்: எஃப்எம் எழுதி முடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிஏ இன்டர் (பட்டயக் கணக்காளர் இடைநிலைத் தேர்வு) ஆறாம் தாள் எழுதிவிட்டுத் தேர்வு மையத்தின் வாசலில் நிற்கும் மாணவர்களுக்கும், அன்று மாலையே வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் விடை போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

"எழுதியாச்சு, விடு, அதைப் பத்திப் பேசாதே" என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். காஸ்டிங் தாளுக்கு அது சரியான புத்திமதி. அடுத்து ஆடிட் காத்திருக்கிறது, மனதைக் கலைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டும் (எஃப்எம்) ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்டும் (எஸ்எம்) சேர்ந்த ஆறாம் தாள்தான் இரண்டாம் குரூப்பின் கடைசித் தாள். ஐந்து மணிக்கு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அன்றிரவு படிக்க எதுவும் இல்லை. பேசத்தான் செய்வீர்கள். தாராளமாகப் பேசுங்கள். பேசுகிற விதத்தில்தான் எங்களுக்கு ஒரு குறை.

வாசலில் நடப்பது இதுதான். முதலீட்டுத் திட்டத்தின் நிகரத் தற்போதைய மதிப்பைப் பற்றி ஒருவர் "என்பிவி எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்கிறார். "2,41,000." "ஐயோ, எனக்கு 1,16,800." மூன்றாமவர் தலையிட்டு, "எங்க சார் போட்ட கீயில 2,41,000தான்" என்கிறார். தீர்ப்பு முடிந்தது. ஒருவருக்கு நிம்மதி, இன்னொருவருக்கு அன்றைய தூக்கம் போச்சு. 2,41,000இலிருந்து 1,16,800ஐ யாரும் கழித்துப் பார்க்கவில்லை. கழித்தால் 1,24,200 வரும். அதை ஐந்தாம் ஆண்டின் பத்து சதவீதத் தள்ளுபடிக் காரணியான (அன்று வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு) 0.621ஆல் வகுத்தால் 2,00,000. வினாத்தாளைப் புரட்டுங்கள்: தொடக்கத்தில் போட்ட நடைமுறை மூலதனம் ₹2,00,000 என்று இருக்கும். இரண்டாமவர் கடைசி ஆண்டில் அதைத் திரும்ப வரவு வைக்க மறந்திருக்கிறார். அவ்வளவுதான் சங்கதி. மற்ற எல்லா வரிகளும் இருவருக்கும் ஒன்றே.

பழைய கணக்குப்பிள்ளைகள் டிரையல் பேலன்ஸ் ஒட்டாதபோது முதலில் செய்வது வித்தியாசத்தை எடுத்து ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. மீதியில்லாமல் வகுபட்டால், 54,000ஐ 45,000 என்று எங்கோ இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடுவார்கள். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பற்றில் வரவேண்டியது வரவில் ஏறிவிட்டதா என்று பார்ப்பார்கள். வித்தியாசம் அவர்களுக்குத் தடயம். நீங்கள் அதே தொழிலுக்கு வரப்போகிறவர்கள். எஃப்எம் விடைகளுக்கும் அந்த வித்தை அப்படியே பொருந்தும், தள்ளுபடிக் காரணியைப் போட்டுப் பெருக்குவதற்கு முந்தைய வரிகளில் செய்தால்.

அதிகம் சண்டை வருகிற இடத்திலிருந்து தொடங்குவோம்: மீட்கத்தக்க கடன் பத்திரத்தின் செலவு. ₹100 முகமதிப்பு, 10% வட்டி, வெளியீட்டுச் செலவு போக நிகர வரவு ₹95, ஐந்து ஆண்டில் சம மதிப்பில் மீட்பு, வரி 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். தோராயச் சூத்திரத்தில் போட்டவர், வரிக்குப் பிந்தைய வட்டி 7, அதோடு ஆண்டுக்கு ஒரு ரூபாய் மீட்பு வித்தியாசம், ஆக 8 என்று எடுத்து, 95க்கும் 100க்கும் சராசரியான 97.5ஆல் வகுத்து 8.21% என்பார். அந்த ஒரு ரூபாய்க்கும் வரிச் சலுகை உண்டு என்று எடுத்தவர் 11இல் 70%, அதாவது 7.7ஐ 97.5ஆல் வகுத்து 7.90% என்பார். சில புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாமவர் ஐஆர்ஆர் வழியில், அதாவது வட்டியும் மீட்புத் தொகையும் சேர்ந்த தற்போதைய மதிப்பு 95க்குச் சமமாகும் விகிதத்தைத் தேடிப் போகிறார். 8%இல் தற்போதைய மதிப்பு 96.01, 9%இல் 92.22, இடைக்கணிப்பில் 8.27%. நான்காமவரும் ஐஆர்ஆர்தான், ஆனால் 7%உம் 10%உம் எடுத்தார். 7%இல் 100.00, 10%இல் 88.63. அவருக்கு 8.32%.

ஒரே கேள்விக்கு நான்கு எண்கள். இவற்றில் "தப்பு" எது? முறையை வைத்துப் பார்த்தால் எதுவும் இல்லை. கேள்வி தோராய முறையைக் கேட்டிருந்தால் ஐஆர்ஆர் போட்டவர் கேட்டதைச் செய்யவில்லை, அது வேறு விஷயம். கேள்வி முறையைச் சொல்லவில்லையானால், தேர்வு நடத்தும் இன்ஸ்டிடியூட்டின் ஸ்டடி மெட்டீரியலிலேயே தோராய முறையும் தற்போதைய மதிப்பு முறையும் இருக்கின்றன. 8.27க்கும் 8.32க்கும் உள்ள இடைவெளி வெறும் இடைக்கணிப்பின் குணம். தற்போதைய மதிப்பின் கோடு வளைந்தது. நாம் அதை நேர்க்கோடாக நினைத்துக் கணக்கிடுகிறோம். எடுத்துக்கொண்ட இரண்டு விகிதங்களும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் விடை உண்மையானதைவிட இன்னும் மேலே போகும். ஆகவே நண்பரின் ஐஆர்ஆர் உங்களுடையதைவிட 0.05 கூட என்றால் கேட்கவேண்டிய கேள்வி, "எந்த ரெண்டு ரேட் எடுத்தே?" என்பதுதான்.

இந்தக் கடன் செலவு அடுத்து டபிள்யூஏசிசிக்குள் (எடையிட்ட சராசரி மூலதனச் செலவு) போகும். அதனால் டபிள்யூஏசிசியின் இரண்டாம் தசமத்தை ஒப்பிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. அங்கே பார்க்கவேண்டியது எடைகள்: புத்தக மதிப்பா, சந்தை மதிப்பா? சந்தை மதிப்பு எடுத்தவர் நிறுத்திவைத்த லாபத்தையும் தனியாக ஒரு வரியாகக் கூட்டியிருந்தால் அது உண்மையான பிழை. பங்கின் சந்தை விலைக்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. தேவையானால் பங்கு மூலதனத்துக்கும் நிறுத்திவைத்த லாபத்துக்கும் அந்தச் சந்தை மதிப்பைப் பகிர்ந்து எழுதலாம், புதிதாகச் சேர்க்க முடியாது.

பங்கு மூலதனச் செலவில் வித்தியாசம் எப்போதும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கடந்த ஆண்டு ஈவு ₹5, விலை ₹100, வளர்ச்சி 8%. சரியான விடை 5.40ஐ 100ஆல் வகுத்து வரும் 5.4%உடன் 8%, ஆக 13.4%. 13% சொன்னவர் ஈவை ஓர் ஆண்டு வளர்க்கவில்லை. வித்தியாசம் 0.4, அதாவது 5%இல் 8%. எதிர்ப்பக்கமும் நடக்கும். கேள்வி "எதிர்பார்க்கப்படும் ஈவு" என்று சொல்லியிருக்க, அதையும் ஒருமுறை வளர்த்துவிடுவார்கள். இங்கே கால்குலேட்டரை எடுக்க வேண்டாம், கேள்வியின் அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பப் படித்தால் போதும்.

கால்குலேட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆறு செயல்கள், பன்னிரண்டு இலக்கம், இரண்டு நினைவகம், அதற்கு மேல் அனுமதி கிடையாது. அடுக்குப் போடும் விசை இல்லாததால் எல்லோரும் 1 ÷ 1.12 அடித்துச் சமக்குறியை மீண்டும் மீண்டும் தட்டித்தான் காரணி எடுக்கிறோம். சில இயந்திரங்களில் 1.12 அடித்து வகுத்தலை இருமுறை தட்டிப் பிறகு 1 போடவேண்டும். கடைசி நேரத்தில் இரவல் வாங்கிய இயந்திரம் என்றால் இங்கேயே சறுக்கல். சமக்குறியை ஒரு தட்டு கூடத் தட்டினால் ஐந்தாம் ஆண்டின் 0.567க்குப் பதில் ஆறாம் ஆண்டின் 0.507 வரும். ₹1,00,000 கழிவு மதிப்பில் அது ₹6,000 குறைவு. இதைவிட மோசமானது, முந்தைய விடைகளையெல்லாம் தானே கூட்டிவைக்கும் ஜிடி விசை. காரணிகளைத் தனியாகக் கூட்டாமல் ஜிடியில் எடுப்பவர், முந்தைய கேள்வியின் கூட்டுத்தொகையை அழிக்காமல் விட்டிருந்தால் ஆண்டுத்தொகைக் காரணியே வீங்கிவிடும். ஐந்து ஆண்டுக்கான காரணி 5ஐத் தாண்டவே முடியாது. 12%இல் 3.605. ஒன்றிலிருந்து கடைசி ஆண்டின் காரணியைக் கழித்து 0.12ஆல் வகுத்தால் அதே எண் வரவேண்டும். இந்தச் சரிபார்ப்புக்குப் பத்து விநாடி போதும்.

தசமத்தை எத்தனை இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதும் சண்டைக்கு ஒரு காரணம். ஆண்டுக்கு ₹4,00,000 வீதம் ஐந்து ஆண்டு, 12%. மூன்று இலக்கக் காரணிகளில் ₹14,42,000. கால்குலேட்டரில் முழு இலக்கத்தோடு ₹14,41,910. இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் ₹14,44,000. முதல் இரண்டும் ஒரே விடை. மூன்றாமவரும் முறையில் தவறவில்லை, ஆனால் கேள்வியில் காரணிகள் கொடுத்திருந்தும் அவர் சொந்தமாகச் சுருக்கியிருந்தால் அது வேண்டாத வேலை.

இனி என்பிவியில் பெரிய வித்தியாசங்கள். ₹10,00,000 இயந்திரம், ஐந்து ஆண்டு நேர்க்கோட்டுத் தேய்மானம், கழிவு மதிப்பு இல்லை. இருவர் விடைக்கும் நடுவே 7,21,000 இருக்கிறது என்றால் அது ஆண்டுத் தேய்மானம் 2,00,000 பெருக்கல் 3.605. ஒருவர் வரிக்குப் பிந்தைய லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டவில்லை. வித்தியாசம் 2,16,300 என்றால், 30% வரியில் கிடைக்கும் ஆண்டுச் சேமிப்பு 60,000ஐ ஒருவர் மொத்தமாக விட்டுவிட்டார். வட்டிச் செலவைப் பணப்பாய்வில் கழித்தவர்களும் வருடாவருடம் இருக்கிறார்கள். தள்ளுபடி விகிதத்துக்குள்ளேயே நிதிச் செலவு இருப்பதால் அது இரட்டைக் கழிவு. ஏற்கெனவே செலவழித்துவிட்ட சந்தை ஆய்வுக் கட்டணத்தைச் சேர்ப்பதும் இதே இனம். தலைமை அலுவலகச் செலவில் பகிர்ந்து ஒதுக்கிய பங்கு, திட்டம் இல்லாவிட்டாலும் ஆகிற செலவுதான் என்றால் பணப்பாய்வில் அதற்கு இடமில்லை.

எல்லாம் ஒட்டியும் ஒரு சின்ன வித்தியாசம் மிஞ்சினால், இயந்திரத்தை விற்ற வரியைப் பாருங்கள். குறைந்துவந்த மதிப்பு ₹3,00,000 இருக்கையில் ₹1,80,000க்கு விற்றால் ₹1,20,000 குறைவு. அதற்கு 30% வரிச் சேமிப்பு ₹36,000 என்று ஒருவர் எடுப்பார். சொத்துத் தொகுதி (ஒரே தேய்மான விகிதத்தில் சேர்த்துவைத்த சொத்துகள்) தொடர்கிறது, அதனால் அந்த இழப்பு அந்த ஆண்டிலேயே கிடைக்காது என்று இன்னொருவர் விடுவார். பத்து சதவீதத்தில் ஐந்தாம் ஆண்டு என்றால் இருவருக்கும் இடையே ₹22,356. தொகுதி தொடர்கிறதா முடிகிறதா என்று கேள்வி சொல்லாதபோது இருவருமே நிற்கலாம், ஒரு வரி அனுமானம் எழுதியிருந்தால்.

நடைமுறை மூலதன மதிப்பீட்டை நாங்கள் தனியாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் இங்கேதான் எல்லோர் விடையும் எல்லோரிடமிருந்தும் வேறுபடும். ₹73,00,000 கடன் விற்பனை, 45 நாள் தவணை: 365 நாள் எடுத்தவருக்குக் கடனாளிகள் ₹9,00,000, 360 நாள் எடுத்தவருக்கு ₹9,12,500. ஒரு விடை மற்றதைவிடச் சரியாக 1.39% கூட என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். ரொக்கச் செலவு அடிப்படையா, மொத்தச் செலவு அடிப்படையா என்பது அடுத்தது. ஆண்டுத் தேய்மானம் ₹2,40,000, இரண்டு மாதத் தவணை என்றால் கடனாளிகள் வரியில் மட்டும் ₹40,000 விலகும். விற்பனை விலையில் போட்டவருக்கு லாபமும் உள்ளே வந்துவிடும். முடிவுறா உற்பத்தியில் பொருள் முழுதாக, கூலியும் மேற்செலவும் பாதியாக என்று எடுப்பது வழக்கம். பாதி என்பதை மூன்றுக்கும் போட்டவர் பொருளில் பாதியை இழந்திருப்பார். கடைசியில் எதிர்பாராச் செலவுக்கு 10%. ₹10,00,000இன் மேல் பத்து சதவீதம் என்றால் 11,00,000. மொத்தத்தில் பத்து சதவீதம் என்றால் 10,00,000ஐ 0.9ஆல் வகுத்து 11,11,111. கேள்வியின் வாக்கியம் எதைச் சொல்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள், தமிழில் நினைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

லெவரேஜுக்கு ஒரே ஒரு குறிப்பு. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 10,00,000, வட்டி 2,00,000, முன்னுரிமைப் பங்கு ஈவு 70,000, வரி 30%. டிஎஃப்எல் (நிதி லெவரேஜின் அளவு) 1.43. 1.37 வந்தவர் ஈவை 0.7ஆல் வகுத்து ஒரு லட்சமாக்கவில்லை. 1.25 வந்தவர் முன்னுரிமை ஈவையே மறந்துவிட்டார்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக? வினாத்தாளின் முகப்பிலேயே இருக்கிறது: வொர்க்கிங் நோட்ஸ் விடையின் பகுதி, தேவையான இடத்தில் தகுந்த அனுமானம் செய்து அதைக் குறிப்பாக எழுதலாம். எண்ணுக்கான தாளில் இப்படி ஒரு வரி இருப்பது சும்மா இல்லை. விரிவான விடைகளில் மதிப்பெண் படிப்படியாக வருகிறது. ஒரு படியில் தவறினால் பொதுவாக அந்தப் படிக்குரியது மட்டும் போகும். அந்தத் தவறான எண்ணை வைத்து அடுத்த படிகளை ஒழுங்காகச் செய்திருந்தால் அவற்றுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன 1,16,800காரர் இழந்தது ஒரு படிதான், முழுக் கேள்வியும் அல்ல. ஆனால் படிகளை எழுதாமல் கால்குலேட்டரிலேயே முடித்து ஒற்றை எண்ணை மட்டும் எழுதியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாசலில் அவருக்கு "மேட்ச்" ஆகியிருந்தாலும்.

எம்சிக்யூ (கொள்குறி வினா) முப்பது மதிப்பெண்ணுக்கு இந்தத் தர்க்கம் செல்லாது. அங்கே ஓஎம்ஆரில் கறுத்த வட்டம் மட்டுமே பேசும், நெகட்டிவ் மதிப்பெண் இல்லை என்பது ஆறுதல். "என் எண் ஆப்ஷனிலேயே இருந்தது, அதனால் சரி" என்று மட்டும் நினைக்காதீர்கள். வழக்கமான தவறில் வரும் எண்ணையும் ஆப்ஷனாக வைப்பதுதான் கேள்வி தயாரிப்பவரின் வேலை. டிஎஃப்எல் கேள்வி என்றால் 1.43, 1.37, 1.25 மூன்றும் வரிசையில் நிற்கும்.

மனக்கணக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. எஃப்எம் பகுதிக்குத் தனி நாற்பது சதவீதம் கிடையாது. தாள் மொத்தமாக நூறுக்கு நாற்பது, குரூப் மொத்தம் முந்நூறுக்கு நூற்றைம்பது. எஃப்எம்மில் பதினாறு என்று பயப்படுகிறவர் எஸ்எம்மில் முப்பது எடுத்திருந்தால் தாள் தப்பித்தது. குரூப்பின் கதை மற்ற இரண்டு தாள்களின் கையில். மதிப்பிடும்போது ஒவ்வொரு கேள்விக்கும் "உறுதியாக இவ்வளவு, நல்ல நாளாக இருந்தால் இவ்வளவு" என்று இரண்டு எண் எழுதுங்கள். உறுதியான எண்களின் கூட்டுத்தொகையை வைத்து அடுத்த அட்டெம்ப்டுக்குப் புத்தகத்தைத் திறப்பதா என்று முடிவு செய்யலாம்.

வகுப்புகள் அன்று மாலையே வெளியிடும் கீ பற்றி: அவசரத்தில் போடுவது, அதில் பிழை வருவது இயல்பு. ஒரே வகுப்பில் படித்த நாற்பது பேருக்கு ஒரே விடை வந்தால் அது நாற்பது சாட்சி அல்ல. ஒரே குறுக்குவழியை நாற்பது பேர் போட்டிருக்கிறார்கள். இன்ஸ்டிடியூட்டின் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் பின்னால் வெளியிடுவதற்கே "சஜஸ்டட் ஆன்சர்ஸ்" என்றுதான் பெயர். மாற்று அனுமானத்துக்கு மாற்று விடை அதிலேயே சில இடங்களில் கொடுத்திருப்பார்கள்.

கேள்வியிலேயே தகவல் குறை இருந்தால் வாசலில் புலம்பிப் பயனில்லை. தாளைப் பற்றிய கருத்துகளை அனுப்ப இன்ஸ்டிடியூட் ஒரு கெடு நாள் தருகிறது, அது சீக்கிரம் முடிந்துவிடும். "கேள்வி குழப்பமாக இருந்தது" என்று அனுப்பாதீர்கள். கேள்வி எண், உட்பிரிவு, எந்தத் தகவல் இல்லை, அதை இரண்டு விதமாக எடுத்தால் எந்த இரண்டு விடைகள் வரும் என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள். ரிசல்ட்டுக்குப் பிறகான வெரிஃபிகேஷன் இதற்கு உதவாது. அது கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று மட்டும் பார்க்கும், மறுமதிப்பீடு செய்யாது. விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்ப்பது வேறு வகையில் பயன்படும். நீங்கள் எழுதியதாக நினைத்த அனுமானம் உண்மையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அந்த நினைவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மற்றவர்களின் விடையைக் கேட்டபின் நம்முடையது தானாக மாறிவிடும். ஆகவே யாரோடும் பேசும் முன், வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கேள்விகளை எடுத்தேன், இறுதி எண், எந்த முறை, என்ன அனுமானம். கேள்விக்கு ஒரு வரி. சாய்ஸில் விட்டது எது என்றும் குறியுங்கள். நீங்கள் தொடாத கேள்வியின் விடைக்காக யாரோ வருத்தப்பட வைப்பது அடிக்கடி நடக்கிறது.

குழுக்களில் விடை போடுகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. வெறும் எண்ணைப் போடாதீர்கள். இப்படிப் போடுங்கள்:

"2(அ). கடன் செலவு 8.27%. ஐஆர்ஆர் வழி, 8%உம் 9%உம். நிகர வரவு 95. மீட்பு வித்தியாசத்துக்கு வரிச் சலுகை எடுக்கவில்லை."

8.21 வைத்திருப்பவர் இதைப் படித்ததும் தன் வழி வேறு என்று புரிந்துகொண்டு சாப்பிடப் போவார். 10.00 வைத்திருப்பவர், தான் நிகர வரவு, மீட்பு வித்தியாசம், வரி மூன்றையுமே தொடாமல் கூப்பன் விகிதத்தை எழுதிவிட்டதைக் கண்டுபிடிப்பார். சிஏ ஃபைனலில் ஏஎஃப்எம் (அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்) தாள் வரும்போது அவருக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
எஃப்எம் சொல்லிக்கொடுக்கிற சிலர்